எண்ணெய் ஒழுகும் டிராக்டரும் ரப்பர் வளையமும்



ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிராக்டர் புதிதல்ல. ரப்பர்ப் பால் ஏற்றிச் சென்றதும் அதுதான். செம்பனை வந்தபின் குலை ஏற்றியதும் அதுதான். உரமூட்டை, விறகு, கல்யாண வீட்டுப் பந்தற்கால் எதுவானாலும் அதன் ட்ரேலரில்தான் வந்து சேரும். இன்று புதுவகை இயந்திரங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் மாஸி பெர்குசன் 35, 135 போன்ற பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவற்றில் அடிக்கடி காணும் நோய், தூக்கு அமைப்பில் எண்ணெய் கசிவது.

நாங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள், பட்டறைக்காரர்கள் அல்லர். இருந்தாலும் இதைப் பேச எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. தூக்கி நிறுத்திய ட்ரேலருக்கு அடியில் ஓடிப் பந்தெடுக்கிற பிள்ளைகள் எங்கள் வகுப்பில் வந்து உட்காருகிற பிள்ளைகள்தாம். அந்த ட்ரேலரை மேலே தாங்கி நிற்பது குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய். அந்த எண்ணெயை வெளியே விடாமல் காப்பது சில காசு பெறுமான ரப்பர் வளையம்.

இந்த அமைப்பை உருவாக்கியவர் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன். அவருக்கு முன்பெல்லாம் கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுநர்மேலேயே கவிழ்ந்துவிடும். பெர்குசன் மூன்று முனைகளில் கலப்பையைப் பிணைத்து, அதைத் தூக்கவும் தாழ்த்தவும் எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்தினார். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவன்ட்ரி நகரில் அவருடைய டிஇ 20 வண்டி ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1953இல் அவர் நிறுவனம் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 135 என்னும் வண்டி 1964இல் வந்தது.

இவ்வண்டிகளில் தூக்கு பம்ப் வெளியே தெரியாது. வண்டியின் வயிற்றுக்குள், கியர் சக்கரங்கள் நனைகிற அதே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். அது எண்ணெயை உறிஞ்சி, மேலே செல்லும் குழாய் வழியாகத் தள்ளும். தூக்கும் வேளையில் சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டுக்கு மேலும் அழுத்தம் ஏறக்கூடும். அதே வண்டியின் பின்சக்கரத்திலுள்ள காற்றழுத்தம் 12 பவுண்டு அளவுதான் என்றால், இது எத்தகைய பலம் என்பது விளங்கும் அல்லவா?

கசிவு இரு வகை. வெளிக்கசிவு கண்ணுக்குத் தெரியும். நிறுத்திய இடத்தில் மண் கறுத்திருக்கும். உட்கசிவு தரையில் ஒரு சொட்டும் காட்டாது. பாரத்தைத் தூக்கி எஞ்சினை நிறுத்தினால் சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். எஞ்சின் ஓடும்போதோ தூக்குக் கைகள் மேலும் கீழும் தலையாட்டும். கசிந்து இறங்க இறங்க பம்ப் மறுபடி தூக்குகிறது என்பது பொருள். எண்ணெய்தான் குறையவில்லையே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால், வெளிக்கசிவைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

வெளிக்கசிவு எங்கிருந்து வருகிறது? எண்ணெய் படிந்த வண்டியில் எல்லா இடமும் ஒழுகுவதுபோல்தான் தோன்றும். முதலில் பாரத்தை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு பள்ளிக்கூடத்து வெண்கட்டித் தூளை மெல்லத் தூவுங்கள். எஞ்சினை ஓட்டித் தூக்கி இறக்கிய பின் எங்கே முதலில் கறுக்கிறதோ அதுவே இடம். தூக்குக் கைகள் பொருந்தியிருக்கும் குறுக்குத் தண்டின் இரு முனைகள், இருக்கைக்கு அருகில் ட்ரேலர்க் குழாய் புறப்படும் இடம், அந்தக் குழாயின் மூட்டுகள், இவற்றை முதலில் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழாயில் ஊசித் துளை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அதிகம் இராது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். விரலையே எடுக்க நேரலாம். இப்படி நேர்ந்தால் மருந்து தடவிக்கொண்டு வீட்டில் இராமல் உடனே மருத்துவமனைக்குப் போய், எண்ணெய் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். துளை தேடுவதற்கு ஒரு துண்டு அட்டையைத் தள்ளிப் பிடித்தால் போதும்.

இடம் தெரிந்தபின் வளையம் மாற்ற வேண்டும். நாம் ரப்பர் நாட்டு மக்கள். 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 நாற்றுகளிலிருந்து பெருகிய மரத்தைச் சீவிப் பிழைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். ரப்பர் என்றால் நமக்குத் தெரியாதா என்ற எண்ணம் வருவது இயல்பே. பழைய ரப்பர்த் துண்டையோ சைக்கிள் டியூபையோ வட்டமாக வெட்டி உள்ளே வைத்து முடுக்கிவிடுகிறார்கள். முதல் நாள் கசிவு நின்றுவிடும். அங்கேதான் ஏமாற்றம்.

நாங்கள் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. காகிதம் கட்டுகிற இயற்கை ரப்பர் வளையம் இரண்டு எடுத்து, ஒன்றை மண்ணெண்ணெயில் இரவு முழுதும் ஊறப்போடுவோம். மறுநாள் அது தடித்து நீண்டிருக்கும். இழுத்தால் சட்டென்று அறும். காரணம் எளியது. இயற்கை ரப்பரும் கனிம எண்ணெயும் கார்பன், ஹைட்ரஜன் ஆகியவற்றால் ஆன ஓரினப் பொருள்கள். எண்ணெய் ரப்பரின் நீண்ட இழைகளுக்கு இடையே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையை 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தார். அப்படிப் பதப்படுத்திய ரப்பர் கரையாது, ஆனால் ஊதும். ஊதிய வளையம் முதலில் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பிறகு மெலிந்து கிழியும். கிழிந்த துணுக்கு வால்வில் சிக்கினால் தூக்கு இறங்காமல் நிற்கும், அல்லது திடீரென்று இறங்கும். டியூபுக்குப் பயன்படும் பியூட்டில் ரப்பருக்கும் இதே கதிதான்.

இங்கே வேண்டியது நைட்ரைல் ரப்பர். 1930களில் ஜெர்மனியில் உருவான செயற்கை ரப்பர் அது. அதிலுள்ள நைட்ரஜன் சேர்ந்த பகுதி எண்ணெயோடு ஒட்டி உறவாடாது. கடையில் "நைட்ரைல் ஓ-ரிங்" என்றே கேளுங்கள். மீந்திருக்கும் பிரேக் சீலை இங்கே போடுவதும் தவறு. பிரேக் திரவம் வேறினம், அதன் ரப்பரும் வேறு. நம் மரத்துப் பாலையே வேதி முறையில் மாற்றி எண்ணெய் தாங்கும் எபாக்ஸி ரப்பராக்கும் ஆய்வு 1980களில் நம் நாட்டுக்காக நடந்தது என்பதையும் சொல்லிவைக்கிறோம். பிள்ளைகள் கேட்டால் பெருமைப்படுவார்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். இவை இங்கிலாந்து வண்டிகள். அங்குலக் கணக்கில் செய்தவை. மில்லிமீட்டர் வளையம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பள்ளத்தில் சரியாக அமராது. பழைய வளையம் ஊதியிருக்கும் என்பதால் அதை வைத்து அளக்காமல், வண்டியின் உதிரிப்பாக எண்ணைச் சொல்லி வாங்குவதே நல்லது.

கழற்றுமுன் தூக்குக் கைகளைத் தரைவரை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை மேலும் கீழும் அசைத்து அழுத்தத்தைப் போக்குங்கள். ட்ரேலருக்கு அடியில் வேலை என்றால் முதலில் அதைக் காலியாக்குங்கள். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் இரும்புத் தாங்கியோ கனத்த மரக்கட்டையோ முட்டுக்கொடுத்த பிறகே குனியுங்கள். ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். அதுவும் எண்ணெயில் நிற்பதுதான். புது வளையத்தில் சுத்தமான எண்ணெய் தடவி, முறுக்காமல், மரைமேல் உரசாமல் ஏற்றுங்கள். மரையில் குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை நாடா வேண்டாம். அதன் நூலும் வால்வுக்குள் போகும்.

உட்கசிவு என்றால் மேல்மூடியையே தூக்க வேண்டிவரும். அது கனமானது. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே சரி. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் மட்டும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மழைத்தண்ணீர் கியர் லீவர் உறை வழியாக இறங்கியிருக்கலாம். நம் பக்கத்து மழைக்கு அது வியப்பில்லை. அந்த எண்ணெயை முழுவதும் வடித்து மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் அளவுகோலில் எண்ணெய் மட்டம் பாருங்கள். பாரமில்லாமல் பத்துத் தடவை தூக்கி இறக்குங்கள். பிறகு அதே இடத்தில் வெண்கட்டித் தூளைத் தூவி, அரைநாள் வேலைக்குப்பின் வந்து பாருங்கள். தூள் வெள்ளையாகவே இருந்தால் ட்ரேலரை மாட்டலாம்.