ஸ்டோரிலிருந்து ஓடைக்குப் போகும் நீர்

(கெடா மாநிலத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, நிரையில் இறங்கி மரம் வெட்டி, பாலைச் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவுடன் அன்றைய வேலை முடிந்தது என்று நீங்கள் வீடு திரும்புகிறீர்கள். பாலின் கதையோ அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கதையில் ரப்பர் எங்கே போகிறது என்பது பலருக்கும் தெரியும். ரப்பரை எடுத்த பின் எஞ்சும் நீர் எங்கே போகிறது என்பதைக் கேட்பார் குறைவு. இன்று அந்த நீரைப் பற்றியும், அதைத் தூய்மைப்படுத்த வழி கண்ட ஆராய்ச்சியாளர்களைப் பற்றியும் உங்களோடு பேச வந்துள்ளோம்.

மரத்திலிருந்து வடியும் பாலில் நூற்றுக்கு முப்பது முதல் முப்பத்தைந்து பங்கு வரைதான் ரப்பர். பெரும்பகுதி தண்ணீர். எஞ்சிய சிறு பங்கில் புரதம், சர்க்கரை, உப்புகள் முதலியன கலந்துள்ளன. பாலில் பார்மிக் அமிலம் சேர்த்து உறைய வைக்கும்போது ரப்பர் ஒன்றாகத் திரள்கிறது. புரதமும் சர்க்கரையும் நீரோடு வெளியேறி விடுகின்றன. இதனோடு கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் கழுவிய நீர், உருளை இயந்திரங்களில் ஓடிய நீர், தொட்டி கழுவிய நீர் அனைத்தும் சேர்கின்றன. ஒரு கிலோ ரப்பரை ஆயத்தம் செய்ய இருபது லிட்டருக்கும் அதிகமான நீர் செலவாவதுண்டு. அப்படியானால் நாள்தோறும் பல டன் ரப்பர் செய்யும் ஓர் ஆலையிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

"புரதமும் சர்க்கரையும் தின்னும் பொருள்கள்தாமே, அவற்றால் என்ன கேடு?" என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கேடு அவை தின்னப்படுவதிலேதான் இருக்கிறது. ஆற்று நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. இத்தகைய உணவு வந்து சேர்ந்தவுடன் அவை பல மடங்காகப் பெருகுகின்றன. அவை உண்ணும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையும் உட்கொள்கின்றன. நமது நாட்டின் வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு ஏழு அல்லது எட்டு மில்லிகிராம்தான். சுத்திகரிக்கப்படாத ரப்பர் ஆலைக் கழிவுநீரோ லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயுவைக் கேட்கிறது. பால் செறிவாக்கும் ஆலையின் நீர் அதைவிடவும் கூடுதலாகக் கேட்கும். ஏழு வெள்ளி மட்டுமே வைத்திருப்பவனிடம் ஆயிரம் வெள்ளிக் கடன்காரன் வந்து நின்றால் என்ன ஆகும்? மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கின்றன. நீர் கறுத்து நாற்றமெடுக்கிறது.

நமது கெடா மாநிலத்தில் இதை அலட்சியமாக விட்டுவிட முடியாது. பாலிங் பக்கத்து மலைகளிலிருந்து வரும் கெட்டில் ஆறு மூடா ஆற்றில் கலக்கிறது. மூடா ஆற்று நீரைத்தான் கெடா மக்களும் பினாங்கு மக்களும் குழாய்வழியே பெற்றுக் குடிக்கின்றனர். சுங்கைப்பட்டாணி ஊரின் ஊடே ஓடும் ஆறு மெர்போக் ஆற்றில் போய்ச் சேர்கிறது. மெர்போக்கின் சதுப்புக் காடுகளில் இறாலும் நண்டும் மீனும் குஞ்சு பொரிக்கின்றன. கரையோரத்து மீனவர்களின் பிழைப்பு அவற்றை நம்பியுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் வணிகர்கள் கப்பலேறி வந்து கடாரம் என்று அழைத்த நாடு இந்த ஆற்றுப் பகுதியைச் சேர்ந்ததே என்பதையும் இடையே சொல்லி வைக்கிறோம். தோட்டத்து ஓடையில் விடப்படும் நீர் இவ்வளவு தூரம் பயணம் செய்கிறது.

ஒரு காலத்தில் இந்நீர் நேரே ஓடைக்குத்தான் விடப்பட்டது. 1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனியே விதிமுறைகள் வகுக்கப்பட்டன. ரப்பர் ஆலை நடத்துவோர் உரிமம் பெற வேண்டும். வெளியே விடும் நீர் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. அந்நீரின் மாதிரியை 30 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, அது எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்கிறது என்று அளக்கின்றனர். குளிர் நாடுகளில் 20 பாகையில் ஐந்து நாள் வைப்பது வழக்கம். நமது தட்பவெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைவாக வேலை செய்கின்றன என்பதால் நமக்கென்று வேறு முறை வகுக்கப்பட்டது. இது சிறு செய்தியே ஆயினும், பிற நாட்டு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நம் மண்ணுக்கேற்பச் சிந்தித்தனர் என்பதை இது காட்டுகிறது.

சட்டம் போட்டால் மட்டும் நீர் தெளிந்துவிடுமா? வழி சொல்ல அறிஞர்கள் வேண்டுமன்றோ? அந்தப் பொறுப்பு 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திடம் வந்தது. அக்கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. கழகத்தின் இயக்குநராக 1966இல் பொறுப்பேற்ற முதல் ஆசியர் டான்ஸ்ரீ டாக்டர் பி. சி. சேகர் அவர்கள். அவர் உங்களைப் போலவே பால்மரங்களுக்கிடையே வளர்ந்தவர். 1929இல் சுங்கை பூலோவை அடுத்த உலு பூலோ தோட்டத்தில் பிறந்தவர். ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த பழைய வழக்கத்தை விடுத்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தரம் கூறும் மலேசியத் தர ரப்பர் திட்டம் 1965இல் தொடங்கப்பட்டதில் அவருடைய பங்கு பெரிது. 1973இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 2006இல் அவர் மறைந்தார்.

அத்திட்டத்தால் ஷீட்டுக்குப் பதிலாகக் கட்டி ரப்பர் செய்யும் பெரிய ஆலைகள் எழுந்தன. முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் சிறிது சிறிதாகப் பிரிந்து ஓடிய கழிவுநீர் ஓரிடத்தில் குவியலாயிற்று. ஒரு முன்னேற்றம் வேறொரு சிக்கலைக் கூட்டி வருவது விஞ்ஞானத்தில் புதியதன்று. அச்சிக்கலைத் தீர்க்கும் ஆராய்ச்சியும் அதே கழகத்திலேயே நடைபெற்றது என்பதுதான் பாராட்டுக்குரியது.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. அதிகச் செலவு பிடிக்கும் இயந்திரங்களை நாடாமல், நமது நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் வெயிலையும் நிலத்தையும் நுண்ணுயிர்களையும் அவர்கள் வேலைக்கு அமர்த்தினர். ஆலைக்குப் பின்புறம் வரிசையாகக் குளங்கள் இருப்பதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். முதலில் நீர் ஒரு பொறியில் தங்குகிறது. அங்கே மிதக்கும் ரப்பர்த் துணுக்குகள் பிடிக்கப்படுகின்றன. அடுத்த குளம் ஆழமானது. அதன் அடியில் பிராணவாயு இல்லை. அது இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் அங்கே புரதத்தையும் சர்க்கரையும் சிதைத்து வாயுக்களாக வெளியேற்றுகின்றன. அழுக்கின் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கடுத்த குளம் ஆழம் குறைந்தது. ஓர் ஆள் உயரம்கூட இராது. அதன் மேற்பரப்பில் பச்சைப் பாசி படர்ந்திருக்கும். அதைக் கண்டு, "குளத்தைக் கவனிக்காமல் பாசி பிடிக்க விட்டுவிட்டார்களே" என்று குறை சொல்வோர் உண்டு. உண்மையில் அந்தப் பாசிதான் வெயிலை வாங்கிக்கொண்டு நீருக்குப் பிராணவாயு ஊட்டுகிறது. இவ்வாறு பல நாள் தங்கித் தெளிந்த பின்னரே நீர் ஓடைக்குச் செல்ல வேண்டும். அந்நீரில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் எஞ்சியிருப்பதால், அளவோடு மரங்களுக்குப் பாய்ச்சினால் உரமாகும் என்பதையும் கழகத்தார் சோதித்துக் கூறினர்.

குளம் நல்லபடி வேலை செய்ய வேண்டுமானால் வண்டலை அவ்வப்போது அள்ள வேண்டும். பொறியில் சேரும் ரப்பரை அகற்ற வேண்டும். இவற்றைச் செய்யாமல் விட்டால் குளம் தூர்ந்து, நீர் தங்கும் நாள் குறைந்து, அழுக்கு அப்படியே வெளியேறும். சட்டமும் ஆராய்ச்சியும் எவ்வளவு சிறப்பாயிருந்தாலும் கடைசியில் மண்வெட்டி பிடிப்பவரின் கையில்தான் காரியம் நிற்கிறது.

பால் செறிவாக்கும் ஆலைகளில் மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. அங்கே அமோனியா சேர்த்த பாலைச் சுழல் இயந்திரத்தில் விட்டு, நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குகின்றனர். கையுறை முதலியன செய்ய அது பயன்படுகிறது. மறுபுறம் வெளிவரும் மெலிந்த பாலிலும் சிறிதளவு ரப்பர் இருப்பதால், கந்தக அமிலம் விட்டு அதை உறைய வைக்கின்றனர். அந்தக் கந்தகம் நீரோடு ஆழக் குளத்துக்குச் சென்று, அங்கே ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவாக மாறுகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். மெலிந்த பாலிலிருந்து அமோனியாவை முதலில் நீக்கிவிட்டால் அமிலம் குறைவாகத் தேவைப்படும் என்பதும், தொடக்கத்திலேயே குறைந்த அமோனியாவோடு பாலைப் பாதுகாக்கலாம் என்பதும் ஆராய்ச்சியில் கண்ட வழிகள்.

இந்த வாயுவைப் பற்றி இன்னும் சற்று விளக்கமாகப் பேச விரும்புகிறோம். தாய்மார்களே, உங்கள் கணவன்மாரும் பிள்ளைகளும் இத்தகைய ஆலைகளில் வேலை செய்வார்களாயின் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. ஆகவே தொட்டியின் அடியிலும், மூடிய பள்ளத்திலும், சாக்கடைக் குழியிலும் தேங்கி நிற்கும். வண்டலைக் கிளறும்போது திடீரென்று எழும். மிகக் குறைந்த அளவில் மூக்கு அதை உடனே அறிந்துகொள்ளும். காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு அளவுக்கு அது மிகும்போதோ மூக்கு மரத்துப் போகிறது. நாற்றம் தெரியாமற் போகிறது. "இப்போது நாற்றமில்லை, இறங்கலாம்" என்று எண்ணி இறங்குபவர் அங்கேயே மயங்கி விழுவார். மேலே நிற்பவர் சும்மா இருப்பாரா? தோழனைத் தூக்க அவரும் இறங்குவார். அவரும் விழுவார். உலகெங்கும் தொட்டிகளிலும் குழிகளிலும் நேரும் இத்தகைய விபத்துகளில், காப்பாற்றப் போனவர்களே பலராக மாண்டிருக்கின்றனர்.

ஆகவே மூடிய தொட்டியில் இறங்குமுன் கருவி வைத்துக் காற்றைச் சோதிக்க வேண்டும். புதுக் காற்றை உள்ளே செலுத்த வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். மேலே ஒருவர் அவ்விடம் விட்டு அகலாமல் காவல் நிற்க வேண்டும். இதற்கெனப் பயிற்சி பெற்றவரே இறங்க வேண்டும். வாயில் துணியைக் கட்டிக்கொள்வது எவ்விதப் பாதுகாப்பும் ஆகாது. அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான நடைமுறை விதிகளை அரசாங்கம் 2010இல் வெளியிட்டுள்ளது. மேலும், 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாளிலிருந்து ஒரு புதிய உரிமை நடைமுறைக்கு வந்துள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று தக்க காரணத்தோடு கருதும் தொழிலாளி, முதலாளி அதை நீக்கத் தவறினால், அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவருக்குத் தீங்கு செய்ய இடமில்லை. இந்த உரிமையை அறியாத தொழிலாளர்கள் இன்னும் பலர் உள்ளனர். வீட்டில் பேசுங்கள், சங்கக் கூட்டத்தில் பேசுங்கள்.

ஆழக் குளத்திலிருந்து எழும் இன்னொரு வாயு மீத்தேன். அதற்கு மணமில்லை, எரியும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட இருபத்தெட்டு மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்க வல்லது என்பர். குளத்தின்மேல் கெட்டியான விரிப்பைப் போர்த்தி அதைப் பிடித்து எரித்தால், கேடு குறைவதோடு எரிசக்தியும் கிடைக்கிறது. நமது செம்பனை ஆலைகள் பலவற்றில் இது நடைபெறுகிறது. கந்தகம் மிகுந்த நீரில் மீத்தேன் குறைவாகவே கிடைக்கும் என்பதால் ரப்பர் ஆலைகளில் இது சற்றுக் கடினமான வேலை.

ரப்பர் மரமும் இப்படித்தான். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் தந்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் புகைக்கூண்டுக்கு விறகாகத்தான் எரித்தனர். வெட்டிய சில நாள்களில் பூச்சியும் பூஞ்சணமும் அரித்துவிடும் என்பதால் யாரும் அதை மதிக்கவில்லை. போரான் உப்புக் கரைசலை மரத்துள் செலுத்திப் பக்குவப்படுத்தும் முறை வந்த பின், அதே மரம் மேசை நாற்காலியாகக் கடல் கடந்து செல்கிறது. அறுக்கும்போது விழும் தூளையும் ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில், சீனிவாசகண்ணன், முகமது சைலானி அபு பாக்கார் என்னும் இரு இரசாயனப் பொறியியல் ஆராய்ச்சியாளர்கள், ரப்பர் மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கி, அழுக்கை உறிஞ்சவல்ல கரி தயாரித்து 2004இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நீரைத் தூய்மைப்படுத்த இத்தகைய கரி பயன்படும்.

இந்தத் துறையில் உங்களுக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். ஓடை நீர் திடீரென்று வெண்மையாகவோ கறுப்பாகவோ ஓடினால், மீன் செத்து மிதந்தால், நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவிக்கலாம். 2024இல் சட்டம் கடுமையாக்கப்பட்டு, பெரிய குற்றங்களுக்குப் பத்து மில்லியன் ரிங்கிட் வரை அபராதம் விதிக்க வகை செய்யப்பட்டுள்ளது. சிறு தோட்டம் வைத்திருப்போர் கட்டிப்பாலை உறைய வைக்கக் கந்தக அமிலத்தை ஊற்ற வேண்டாம். விலை மலிவு என்று பார்த்தால் ரப்பரின் தரமும் கெடும், நீரும் கெடும். பார்மிக் அமிலத்தை அளந்து, நீர் கலந்து பயன்படுத்துங்கள். கலக்கும்போது நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. மிஞ்சிய அமிலப் புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பது தாய்மார்களின் பொறுப்பு மட்டுமன்று, தந்தையரின் பொறுப்புமாகும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு சொல். இரசாயனப் பொறியியல் என்றால் ஏதோ பெரிய நகரத்துப் படிப்பு என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஸ்டோரில் நீங்கள் நாள்தோறும் காண்பதே அதன் பாடம். நான்காம் படிவத்தில் இரசாயனம், பௌதிகம், கூடுதல் கணிதம் ஆகிய மூன்றையும் எடுத்திருந்தால் பின்னர் அந்த வழி எளிதில் திறக்கும். ஐந்தாம் படிவம் முடித்த பின் வருந்திப் பயனில்லை. இப்போது இரண்டாம் மூன்றாம் படிவத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இவ்வாண்டிலேயே பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் இதைப் பற்றிக் கேட்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் ஐயமுள்ளோர் எம்மிடம் வரலாம்; விண்ணப்ப முறைகளை விளக்கிச் சொல்லக் காத்திருக்கிறோம்.