சிப்பந்திகள் மனமூன்றி உழைப்பது எதனால்?
(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம்மவரிற் பலர் கடையும் ஆலையும் நடத்துவோர்; நம் பிள்ளைகளிற் பலரோ பிறரிடம் சம்பளத்துக்கு அமர்ந்தோர். ஆதலின் இவ்விஷயத்தில் இரு கட்சியாரும் இச்சபையிலேயே இருக்கின்றனர்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரையடுத்த சிசரோவில், டெலிபோன் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு ஹாதார்ன் என்னும் பெருந்தொழிற்சாலை இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமோ என்று 1924ஆம் ஆண்டில் அங்கே சோதிக்கத் தொடங்கினர். திட்டமான தொடர்பொன்றும் புலப்படவில்லை. 1927இல் ரிலே என்னும் சிறு கருவியைப் பூட்டும் பெண்கள் ஐவரைத் தனியறையில் அமர்த்தி, இடையிடையே ஓய்வளித்தனர். வேலை நேரத்தைக் குறைத்தனர். மாறுதல்களைக் குறித்து அவர்கள் அபிப்பிராயத்தையும் கேட்டனர். வேலை பெருகிற்று. அச்சலுகைகளை நிறுத்திய பின்பும் அது பழைய அளவுக்கு வீழவில்லை.

இதனைக் கேட்டு, அன்பாகப் பேசினாற் போதும், பணம் வேண்டாவென்று மகிழ்வோர் உண்டு. பொறுங்கள். அவ்வைவருக்குக் கூலிக் கணக்கும் மாற்றப்பட்டிருந்தது. பெருங்கூட்டத்தின் உற்பத்தியோடு சேர்க்காமல், தம் சிறு குழுவின் உற்பத்திக்கே கூலி பெற்றனர். அன்றியும், பேச்சு மிகுதியென்று இருவரை நீக்கி வேறிருவரை வைத்தனர். பிற்காலத்தார் இச்சோதனையில் குறை பல கண்டது நியாயமே.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. 1931, 1932ஆம் ஆண்டுகளில் அதே ஆலையில் ஆண்கள் பதினால்வரைக் கவனித்தனர். நாளொன்றுக்கு இவ்வளவே என்று அவர்கள் தமக்குள் வரம்பு கட்டியிருந்தார்கள். மீறுவோன் புயத்தில் ஒரு குத்து விழும்! சோம்பலன்று, ஐயா. மிகுதியாகச் செய்தால் கூலிவீதம் குறையும், சிலருக்கு வேலையே போகும் என்ற அச்சம்.

அவ்வச்சத்தின் சிறிய வடிவத்தை யானும் அறிவேன். இளமையில் ஒரு மண்டியிற் கணக்கெழுதினேன். கிடங்குச் சுவரில் ஈரம் கண்டு, அரிசி மூட்டைகளை நகர்த்தலாமென்று முதலாளியிடம் சொன்னேன். “உன் வேலை கணக்கு” என்றார், எல்லோர் முன்னிலையிலும். அவ்வைப்பசியில் மூட்டைகள் நனைந்தன. மறுவருஷம் மேற்குச் சுவரிலும் ஈரம் கண்டேன், வாய் திறந்திலேன். அன்று பேரேட்டை ஒழுங்காகவே எழுதினேன், நேரத்துக்கே வீடு சென்றேன்.

அந்த ஹாதார்ன் ஆலையிலேயே 1928 முதல் 1930 வரை இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியே பேசவைத்துக் கேட்டனர். முதலில் வினாப்பட்டியலோடு சென்றவர்கள், பின்னர் அதனை மடித்து வைத்துவிட்டு, அவரவர் சொல்ல விரும்பியதையே கேட்கலாயினர்.

இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. கடைச் சிப்பந்திகளாக இங்கு வந்துள்ளோர் எழுந்து பேசலாம். முதலாளிமார் இடைமறியாது கேட்டருளுமாறு வேண்டி அமர்கின்றேன்.