மருந்தும் மலைநாட்டு உணவும்

நாட்டு மருந்துக்குப் பத்தியம் உண்டு, ஆங்கில மருந்துக்கு இல்லை என்பது பதுளைப் பகுதித் தோட்டங்களில் பலரும் கொண்டிருக்கும் எண்ணம். அது முழுவதும் சரியன்று. அதற்கு இலங்கையிலேயே நல்ல சான்று உண்டு.

காசநோய்க்கு வழங்கப்பெறும் மருந்துகளுள் முதன்மையானது ஐசோனியசிட். அதனை உட்கொண்டு வந்த நோயாளர் சிலருக்குச் சூரை மீன் உண்டபின் முகம் சிவந்தது, தலை வலித்தது, நெஞ்சு படபடத்தது. இதனை ஆராய்ந்த மருத்துவர் ஊரகொடவும் மருந்தியற் பேராசிரியர் கொட்டேகொடவும் 1977ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். பிடித்த மீனை உடனே பனிக்கட்டியில் இடாவிடின், அதன் தசையில் கிருமிகளால் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகின்றது. சமைப்பினும் அது அழிவதில்லை. உடலில் அதனைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. ஐசோனியசிட்டோ அந்நொதியை அடக்கிவிடுகின்றது.

கடற்கரையிலிருந்து பதுளைக்கும் பசறைக்கும் மீன் நெடுந்தூரம் மலையேறி வரவேண்டும் என்பதை இங்கு நினைக்க வேண்டும். ஒரே சட்டிக் குழம்பை வீட்டார் அனைவரும் உண்ண, நோயாளி ஒருவரே துன்புறக்கூடும். அவர் பழி சுமத்துவது மீன்மேல் அன்று, மருந்தின்மேல்! மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஆறு திங்களேனும் தொடரவேண்டிய மருந்து இடையில் நின்றால், கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். நெருக்கமான லயன் அறைகளில் குழந்தைகளுக்கும் தொற்றலாம். ஆகவே, மருந்தை விடாமல் அவ்வகை மீனை விலக்கி, நேர்ந்ததை மருத்துவரிடம் கூறவேண்டும். மாசிக்கருவாடும் பெரும்பாலும் சூரையிலிருந்து செய்யப்படுவதே. அதைப்பற்றியும் கேட்டறிவது நன்று.

இனித் தேநீர். ஊவாத் தேயிலையின் மணம் உலகறிந்தது. அத்தேயிலையைப் பறிக்கும் தாய்மாருக்குக் கருவுற்ற காலத்தில் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கின்றது. விடியற்காலையில் மலைக்குப் புறப்படும் அவசரத்தில் அதனை வெறுந்தேநீரோடு விழுங்கினால், தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்ளும். குடல் ஏற்கும் அளவு வெகுவாகக் குறையும். பால் கலந்தாலும் பயனில்லை. மாத்திரை குறைவின்றி உண்டும் இரத்தம் ஊறவில்லையே என்று கிளினிக்கில் கடிந்துகொள்வதற்குமுன், எதனோடு உண்டாள் என்று ஒரு சொல் கேட்கலாம் அல்லவா?

தேநீரை விடவேண்டியதில்லை. மாத்திரையைத் தண்ணீரோடு, இயன்றால் தேசிக்காய்ச் சாற்றோடு விழுங்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்தலாம். காலையில் அதற்கு நேரமில்லையெனில், இரவில் படுக்குமுன் உண்ணலாம். கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரையை மட்டும் அதனோடு சேர்க்காமல் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.