பறக்கும் காரும் தகுதிச் சான்றும்

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுப் பழகியவன் நான். மேடை எனக்குப் புதிது. சென்ற கவியரங்கில் பறக்கும் காரைப் பற்றி நம் கவிஞர்கள் பாடியபோது, "பாடியவர்கள் எல்லோரும் மேலே உட்கார்ந்துகொண்டே பாடுகிறார்கள், கீழே நிற்பவன் ஒருவன்கூடக் கண்ணில் படவில்லையே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தேன். அது செயலாளரின் காதில் விழுந்துவிட்டது. அதற்குத் தண்டனையாக இன்று என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்.

பலருக்கும் தெரியும், நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் வழக்கில் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர். நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு: கவிஞன் 'ஆகட்டும்' என்பான், நீ 'ஆகாது' என்பாய், உனக்கு இங்கே என்ன வேலை என்று. அந்த 'ஆகாது' என்னும் சொல்லுக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை அறியாதார் இங்கு இல்லை. கட்டியங்காரனின் வஞ்சம் முற்றிய வேளையில், கருவுற்றிருந்த விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்புகிறான் சச்சந்தன். தமிழாசிரியர்கள் இப்பகுதியின் அவலச் சுவையை எடுத்துரைப்பார்கள். என் கண்ணில் பட்டவை வேறு இரண்டு செய்திகள். ஒன்று, விசயை அப்பொறியை இயக்க முன்னரே பயிற்றுவிக்கப்படுகிறாள். பயிற்சியின்றி ஒருவரையும் வானில் ஏற்றத் திருத்தக்கதேவர் துணியவில்லை. மற்றொன்று, பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கியதும் பொறி சுடுகாட்டில் இறங்கிவிடுகிறது. ஓட்டுபவர் மயங்கினால் ஊர்தி என்னாகும்? இன்று விமானத்துக்குச் சான்று வழங்கும் எந்த அலுவலகத்திலும் முதலில் எழும் கேள்விகளுள் ஒன்று அது.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். பறக்கும் காரின் கதை பெரும்பாலும் அங்கேதான் நிகழ்ந்தது.

வாஷிங்டன் மாநிலத்து லாங்வியூ நகரில் மோல்ட் டெய்லர் என்றொரு பொறியாளர் இருந்தார். கடற்படையில் பணிபுரிந்தவர். அவர் அமைத்த ஊர்திக்கு 'ஏரோகார்' என்று பெயர். 1949இல் அது முதன்முதலாகப் பறந்தது. காரின் பின்புறம் எஞ்சின், வாலின் நுனியில் சுழல்விசிறி, இரண்டையும் இணைக்க ஒரு நீண்ட தண்டு. நீண்ட தண்டு அதிர்ந்து முறியும் என்பது லாரிப் பட்டறையில் வேலை பழகும் சிறுவனுக்கும் தெரியும். டெய்லர் இடையே எஃகுக் குருமணிகள் நிரம்பிய ஓர் இணைப்பை வைத்து அவ்வதிர்வை அடக்கினார். சாலையில் செல்லும்போது இறக்கைகளை மடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லலாம். காரை விமானமாக்க ஒருவர் தனியே சில நிமிடங்களில் முடித்துவிடலாம். பறக்கையில் மணிக்கு நூறு மைல் அளவில் வேகம்.

ஏழாண்டுகள் சோதனைக்குப் பின் 1956 டிசம்பரில் அரசின் வானூர்திச் சான்று கிடைத்தது. பறக்கும் கார் நடக்காத கனவு என்போருக்கு நான் சொல்லும் மறுமொழி இதுதான். அது நடந்தது. முறையாகச் சான்றும் பெற்றது. ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் ஒரு வானொலி நிலையம் போக்குவரத்து நெரிசலை மேலிருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஏரோகாரைப் பயன்படுத்தியது. நெரிசலில் சிக்காதிருக்கப் பிறந்த வண்டி நெரிசலைப் பற்றிய செய்தி சொல்லிப் பிழைத்தது!

பிறகு ஏன் அது பெருகவில்லை? 500 பேர் முன்பதிவு செய்தால் தயாரிக்கிறோம் என்றது ஒரு பெரிய நிறுவனம். ஏறத்தாழப் பாதிப் பேர்தான் முன்வந்தார்கள். மொத்தத்தில் ஆறு வண்டிகளே உருவாயின. பிற்பாடு சாலைப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வந்தது. 1966இல் அமெரிக்கா மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1968 முதல் புதிய கார்களுக்கான விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. மோதினால் தாங்கும் உடல் வேண்டும், பெல்ட் வேண்டும், குறிப்பிட்ட வகைக் கண்ணாடி வேண்டும், பின்னர் புகைக்கும் அளவு வேண்டும். இவை ஒவ்வொன்றும் எடை. ஏரோகாரின் வெற்று எடையோ 680 கிலோ அளவுதான். டெய்லர் 1995இல் மறைந்தார். அவருடைய கடைசி வடிவமான மூன்றாம் ஏரோகார் சியாட்டில் நகரத்து விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது, நண்பர்களே. சாலைச் சட்டம் 'உரமாக இரு' என்கிறது. வான் சட்டம் 'இலேசாக இரு' என்கிறது. இரண்டும் நியாயமே. ஒரே உடம்பில் இரண்டையும் நிறைவேற்றச் சொன்னால் வடிவமைப்பவன் என்ன செய்வான்?

2006இல் தொடங்கிய டெராஃபுஜியா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். இறக்கைகளை மடித்துச் சாலையில் செல்லும் இரண்டு இருக்கை ஊர்தி அவர்களுடையது. அது சேர்ந்த இலகு விமான வகுப்பின் எடை வரம்பு 1,320 பவுண்டு. காற்றுப் பை, மோதல் தடுப்பு முதலியவற்றைச் சேர்த்ததும் வரம்பு மீறியது. 110 பவுண்டு கூடுதலாக இருக்கலாம் என 2010இல் விமானத் துறை விலக்களித்தது. சாலைத் துறையிடமும் விலக்குக் கேட்டார்கள். கார்க் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் வேண்டும் என்றார்கள். கார்க் கண்ணாடி கனமானது. அத்துடன் பறவை மோதினால் வலைவலையாக விரிசல் விட்டு ஓட்டுபவரின் பார்வையை மறைத்துவிடும். அவ்விலக்கும் கிடைத்தது. 2021 ஜனவரியில் பறப்பதற்கான சான்றும் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் அதன் பணிகள் மூடப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் இரண்டு அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கிய பின் பணம் போட்டவரின் பொறுமை தீர்ந்துபோனது என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் தொழில் சார்ந்த ஓர் ஐயம். கடைத்தெருவில் காரை நிறுத்துகிறோம். மீன்பாடி வண்டி ஒன்று உரசிவிட்டுப் போகிறது. நமக்கு அது டிங்கரிங் செலவு, அவ்வளவே. உரசப்பட்டது மடித்து வைத்த இறக்கை என்றால்? விமானத்தைக் கொட்டகைக்குள் பூட்டி, பறக்குமுன் ஒவ்வோர் ஆணியையும் தடவிப் பார்க்கிறார்கள். கார் இரவெல்லாம் தெருவில் கிடக்கிறது. காலை எட்டரைக்கு அலுவலகம் ஓடுகிறவர் இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டா கிளம்புவார்? இதற்கு எந்த விளம்பரத்திலும் நான் விடை கண்டதில்லை.

என் வாழ்வில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், பொழுது சாயும் நேரத்தில், எஃப்.சி. வரிசையில் கடைசியாக ஒரு லாரி நின்றது. ஓட்டிப் பார்க்கவில்லை. பெடலைக் காலால் அழுத்திப் பார்த்ததோடு கையெழுத்திட்டேன். பதினொரு நாள் கழித்து ஒரு மலைச் சரிவில் அந்த லாரி நிற்க மறுத்தது. ஓட்டுநர் பிழைத்தார். சாலையோரம் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தவர் பிழைக்கவில்லை. விசாரணையில் என்மீது குற்றமில்லை என்றே முடிந்தது. அந்தக் கோப்பில் ஓட்டுநரின் வாக்குமூலம் நான்கு பக்கம். பலாச்சுளைக்காரரைப் பற்றி ஒன்றரை வரி. அன்றுமுதல் எந்த ஊர்தியைக் கண்டாலும் அதில் ஏறாதவர் யார் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

அப்படித் தேடியபோது கிடைத்தவர் தாமஸ் லீ காஸ்பி. வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகில், 2.8 ஏக்கரில் கோழி வளர்த்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பக்கத்து விமான நிலையத்தை இராணுவம் வாடகைக்கு எடுத்தது. குண்டுவீச்சு விமானங்கள் அவர் நிலத்துக்கு மேல் 83 அடி உயரத்தில் இறங்கின. வீட்டுக் கூரைக்கு மேல் வெறும் 67 அடி. இரவில் விளக்கொளி வீட்டுக்குள் பாய்ந்தது. கோழிகள் அரண்டு பறந்து சுவரில் மோதிச் செத்தன. சில நாள்களில் ஆறு முதல் பத்து, மொத்தத்தில் ஏறக்குறைய 150. குடும்பத்துக்குத் தூக்கம் போயிற்று. கோழித் தொழிலையே அவர் கைவிட நேர்ந்தது.

காஸ்பி அரசின்மேல் வழக்குத் தொடுத்தார். 1946 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்துக்கு உரியவனே அதற்கு மேலுள்ள வானம் முழுவதற்கும் உரியவன் என்ற பழைய கொள்கை இக்காலத்துக்குப் பொருந்தாது என்றது. மேல்வானம் பொதுவழி என்றது. அதோடு நிறுத்தியிருந்தால் காஸ்பிக்கு ஒன்றும் கிடைத்திராது. நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவுக்கு அதை ஒட்டிய கீழ்வானம் நிலத்துக்குரியவனுடையதே என்றும், அங்கே அடிக்கடி தாழப் பறப்பது அவன் சொத்தை எடுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும் என்றும் கூறியது. கோழிக் கூண்டிலிருந்து பிறந்த சட்டம் அது. எத்தனையோ தீர்ப்புகளைப் படித்திருக்கிறேன். இதைப் போல் நெஞ்சைத் தொட்டது வேறில்லை.

இப்போது பறக்கும் காரை அதனருகே வைத்துப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி, மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் விமானம் அண்மையிலுள்ள மிக உயர்ந்த தடைக்கும் 1,000 அடி மேலே பறக்க வேண்டும். எஞ்சின் நின்றாலும் பிறருக்குக் கேடின்றி இறங்க வழி இருக்க வேண்டும். காற்றில் ஓரங்கட்டி நிறுத்த இடமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் தாழலாம். அதற்காகத்தான் ஊருக்கு வெளியே விமான நிலையம். ஆனால் பறக்கும் கார் நமக்குத் தரும் ஆசை என்ன? வாசலில் ஏறி வாசலில் இறங்குவது. அப்படியானால் அந்த 83 அடி உயரத்தில் தினந்தோறும், வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு பறந்தாக வேண்டும். விமான நிலையத்துக்குப் போய்த்தான் ஏறுவேன் என்றால் சட்டம் தடுக்காது. ஆனால் அது வெறும் சிறு விமானம், வீட்டுக்குப் போகச் சக்கரம் மட்டும் கூடுதல். 2021 ஜூன் 28 அன்று ஸ்லோவாக்கியாவில் நித்ரா நகரிலிருந்து பிராத்திஸ்லாவாவுக்கு 35 நிமிடங்களில் பறந்த 'ஏர்கார்' அவ்வகையே. ஓடுபாதையில் ஏறி ஓடுபாதையில் இறங்கி, இறக்கையை மடித்துக்கொண்டு ஊருக்குள் சென்றது. 2022 ஜனவரியில் அந்நாட்டின் சான்றும் பெற்றது. அழகிய வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. 2020இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இத்தகைய ஊர்திகளைச் சாலையில் அனுமதித்தபோதும், சாலையிலிருந்தே பறந்தெழக் கூடாது என்றுதான் வைத்தது.

செங்குத்தாக எழும் மின் ஊர்திகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை கார்களே அல்ல. சக்கரமிட்டுச் சாலையில் ஓடா. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின்போது பயணிகளை ஏற்றிச் செல்வோம் என்றிருந்தது ஜெர்மனியின் வோலோகாப்டர். அது நடக்கவில்லை. அவ்வாண்டு இறுதியில் அந்நிறுவனம் நொடித்துப்போனதாக விண்ணப்பித்தது. மறுபுறம், 2023 அக்டோபரில் சீன அரசு ஈஹாங் என்னும் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாத இரு இருக்கை ஊர்திக்கு வகைச் சான்று வழங்கியது. ஓட்டுபவன் இல்லாத வானூர்தியைப் புறநானூறு பேசியிருப்பது கவிஞர்களுக்கு நினைவு வரும். அதில் ஏறுவோர் இவ்வுலக வாழ்வை முடித்தவர்கள் என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டுகிறேன்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்று மாலை வாயிலில் இளங்கவிஞர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, நாளைக்கே ஒருவர் பறக்கும் காரை உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தினால் எஃப்.சி. கொடுப்பீர்களா?" என்று கேட்டார். வரிசையில் நிறுத்தச் சொல்வேன் என்றேன். முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்றார். அதற்கு அங்கே விடை சொல்ல நேரமில்லை, இங்கே சொல்கிறேன். 1947 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே, கூரைமேல் விமானத்தைப் பூட்டிய கார் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அதில் காருக்கு ஒன்றும் விமானத்துக்கு ஒன்றுமாக இரண்டு எரிபொருள் மானிகள். நிறைந்திருந்த காரின் மானியைப் பார்த்துவிட்டு விமானி கிளம்பிவிட்டார் என்பர். நல்லவேளையாக உயிர் தப்பினார். ஆகவே, தம்பி, வண்டியை ஓட்டிவந்தவரை அருகில் அழைத்து, "இந்த இரண்டில் எது எதற்கு?" என்று கேட்பேன். அவர் சொன்ன பிறகு, இரண்டு தொட்டிகளிலும் குச்சியை விட்டு நானே அளந்து பார்ப்பேன்.