சதுரங்க மேதை பிறக்கிறாரா? ஆக்கப்படுகிறாரா?



உலகத்தாரோடு சதுரங்கப் போட்டியில் நிற்கக்கூடிய பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது, எப்படிப் பொறுக்கியெடுப்பது என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். ஒரு பிள்ளை நன்றாக ஆடிவிட்டால் உடனே, "அது பூர்வஜென்ம வாசனை, ஜாதகத்தில் புதன் உச்சம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது மெய்யானால் பயிற்சி எதற்கு? வாத்தியார் எதற்கு? ஜோசியனிடம் ஒரு ஜாபிதா வாங்கி, அந்தப் பிள்ளைகளையே போட்டிக்கு அனுப்பிவிடலாமல்லவா?

ஹங்கேரி நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். மேதைகள் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார்கள் என்பது புடாபெஸ்ட் நகரத்து லாஸ்லோ போல்கார் என்பவரின் கொள்கை. கொள்கையை வாயளவில் வைத்துக்கொண்டவரல்ல அவர். அவரும் அவர் மனைவி கிளாராவும் தங்கள் மூன்று பெண் குழந்தைகளையும் வீட்டிலேயே படிப்பித்து, நாள்தோறும் மணிக்கணக்காகச் சதுரங்கம் பழக்கினார்கள். பெற்றோர் இருவருமே பேர்பெற்ற ஆட்டக்காரர்களல்லர். மூத்தவள் சூசன் 1973-ல், நான்கே வயதில், 11 வயதுக்குட்பட்ட புடாபெஸ்ட் சிறுமியர் போட்டியில் ஜெயித்தாள்.

அந்நாட்டுச் சதுரங்க அதிகாரிகளோ, பெண்கள் பெண்களோடு ஆடினால் போதுமென்றார்கள். சகோதரிகள் ஆண்களோடும் ஆடியே தீருவோமென்று நின்றார்கள். பலன் என்ன? 1988-ல் தெசலோனிகி ஒலிம்பியாடில் இம்மூவரும் இல்டிகோ மாடலும் சேர்ந்த ஹங்கேரிப் பெண்கள் அணி, சோவியத் அணியைப் பின்தள்ளித் தங்கம் வென்றது. 12 வயதுச் சிறுமி ஜூடித் 13 ஆட்டங்களில் 12½ புள்ளி எடுத்தாள். 1991-ல் ஆண்களும் ஆடிய ஹங்கேரி தேசியப் போட்டியில் ஜெயித்து, 15 வயது 4 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனாள். 1958-ல் பாபி பிஷர் ஏற்படுத்திய இளவயதுச் சாதனை அத்தோடு முறிந்தது. 2002-ல் மாஸ்கோவில் காஸ்பரோவையே ஒரு விரைவு ஆட்டத்தில் ஜூடித் தோற்கடித்தார்.

"அது அந்தக் குடும்பத்து ரத்தம்" என்பார்கள் சிலர். மூன்று பிள்ளைகளைக் கொண்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாதென்பது வாஸ்தவம்தான். பழகியவர்களெல்லாம் ஜூடித் ஆகிவிடுவார்களென்றும் நாம் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே பழக்கத்தில் வளர்ந்த மூவரிலும் அவரே அதிக உயரம் போனார். ஆனால், பழக்காமலும் ஆடவிடாமலும் வைத்திருந்தால் யாரிடம் என்ன சக்தி இருக்கிறதென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே, வேண்டியவை இரண்டு. ஒன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் பலகையும் வாத்தியாரும் கிடைக்கவேண்டும். மற்றொன்று, பொறுக்கும்போது ஆட்டத்தை மட்டுமே பார்க்கவேண்டும். அதற்கு அளவுகோல் இல்லாமலில்லை. உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970 முதல் ஈலோ கணக்கை வைத்திருக்கிறது. எதிரியின் பலம் எவ்வளவு, முடிவு வெற்றியா தோல்வியா சமமா என்பதைக் கொண்டே அது புள்ளி போடுகிறது. ஆட்டக்காரரின் குலமென்ன, பணமெவ்வளவு, ஆணா பெண்ணா என்று அந்தக் கணக்குக் கேட்பதில்லை. பொறுக்குகிறவர்கள் மாத்திரம் ஏன் கேட்கவேண்டும்?

தோழர்களே! நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். பையனுக்கு வாங்கிய பலகைக்கு முன் உங்கள் பெண்ணையும் உட்காரவைத்து, ஒரு வருஷம் சமமாகப் பழக்கிப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.