பரண்மேல் கிடக்கும் பழஞ்செல்வம்



பழைய நூல்கள் எவ்வாறு அழிகின்றன? தீயாலும் வெள்ளத்தாலும் கறையானாலும் அழிகின்றன என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் இவை மூன்றினும் மிகுதியாக அழிப்பது வேறொன்று உண்டு. ‘இது எதற்காக இன்னும் இங்கே கிடக்கிறது?’ என்று வீட்டில் ஒருவர் கேட்கும் கேள்வியே அது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராகச் சென்ற நாளில், இக்கேள்விக்கு மக்கள் கண்ட விடைகளைத் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் குறித்திருக்கிறார். ஆடிப் பதினெட்டில் பழஞ்சுவடிகளை ஆற்று வெள்ளத்தில் விட்டவர்கள் உண்டு. நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டவர்களும் உண்டு. அவர்கள் தமிழுக்குப் பகைவர் அல்லர். தமக்குப் பயன்படாத ஏட்டை மரியாதையோடு வழியனுப்புவதாகவே எண்ணினர். நீருக்கும் நெருப்புக்கும் தப்பி எஞ்சிய சுவடிகளைக்கொண்டே அப்பெரியார் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்.

ஓலையில் இருந்தவை அன்று தாளுக்கு ஏறின. தாளில் இருப்பவை இன்று கணிப்பொறிக்கு ஏறி வருகின்றன. இந்த இரண்டாம் ஏற்றத்தைப் பற்றியும், தாய்நாட்டைவிட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு அதில் உள்ள பங்கைப் பற்றியும் சிறிது பேச விரும்புகிறோம்.

கணிப்பொறிக்கு ஏற்றுதல் என்பது இரண்டு படிகளைக் கொண்டது. முதற்படி, பக்கத்தை உள்ளவாறே படம் பிடித்தல். இதனால் நூலின் உருவம் காப்பாற்றப்படுகிறது. இரண்டாம் படி, படத்தில் உள்ள எழுத்துக்களைக் கணிப்பொறி எழுத்துக்களாக மாற்றுதல். இதனால் ஒரு சொல்லையோ ஓர் ஊரின் பெயரையோ ஆயிரம் பக்கங்களிலும் நொடியில் தேடிக் காணலாம். முதற்படி நூலைக் காக்கிறது. இரண்டாம் படி அதனைப் பேச வைக்கிறது.

இப்பணியில் தமிழர் பின்தங்கியவர் அல்லர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கிற்று. உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர்கள், ஊதியம் எதுவும் கருதாமல், பழைய இலக்கியங்களைத் தம் கையாலேயே தட்டெழுதி யாவர்க்கும் இலவசமாக அளித்தனர். 2001-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய நிறுவனம், தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு இன்று பெரியதொரு மின்நூலகத்தை நடத்தி வருகிறது.

தனி மனிதர் ஒருவரின் ஆர்வம் என்ன செய்யும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சான்றாவார். நூல்களோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம் ஆகிய எல்லாவற்றையும் அவர் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின், ஏறக்குறைய 1,00,000 உருப்படிகள் கொண்ட அச்சேமிப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிற்று. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே 1994-இல் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பிறர் குப்பை என்று கருதிய நோட்டீசுகளைக்கொண்டு இன்று நாடக வரலாறும் இசை வரலாறும் எழுதப்படுகின்றன.

எதிர்ச்சான்றும் ஒன்று உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் ஓரிரவில் சாம்பலாயின. அவற்றுள் வேறு எங்கும் படி இல்லாதவையும் இருந்தன. 2005-இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் இணையத் தொகுப்பு, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படம் பிடித்து வருகிறது. ஒரே இடத்தில் ஒரே படி என்பது எவ்வளவு பெரிய இடர் என்பதை அச்சாம்பல் நமக்கு உணர்த்துகிறது.

இனி, நம் வீடுகளுக்கு வருவோம். மும்பை மாதுங்காவில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. அக்குடும்பத்தின் தாத்தா இளமையில் கும்பகோணத்திலிருந்து இரயிலேறி வந்து கணக்கராக வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற தகரப்பெட்டி அரை நூற்றாண்டு பரண்மேல் இருந்தது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் செய்தி வரவே, பெட்டி கீழே இறங்கிற்று. பேரனுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. நாம் அங்கே சென்றபொழுது பெட்டியில் பாதி, பழைய தாள் விலைக்கு எடைபோட்டு விற்கப்பட்டிருந்தது.

மீதிப் பாதியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் தரையில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஊருக்கு மாதந்தோறும் அனுப்பிய மணியார்டர் கணக்கு. ஓர் அறையில் கூடி வாழ்ந்த அறுவரின் பெயர்கள். இராமநவமிக் கச்சேரிக்கு வீடு வீடாகத் திரட்டிய நன்கொடைப் பட்டியல். மகள் பிறந்த செய்தியைப் பதினைந்து நாள் கழித்து அறிந்த தந்தை எழுதி, ஏனோ அஞ்சலில் சேர்க்காத கடிதம். அந்த மகள் வேறு யாரும் அல்லர், பேரனின் தாயாரே. கடிதத்தைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘விற்ற பாதியில் என்ன இருந்ததோ!’ என்று மட்டும் சொன்னார். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லி கரோல்பாகிலும், பெங்களூர் அல்சூரிலும் தமிழர் வாழ்ந்த வரலாறு பெருநூல்களில் இல்லை. இத்தகைய பெட்டிகளில்தான் இருக்கிறது. சென்னை நூலகங்கள் இவற்றைத் தேடி வரமாட்டா. நாமேதான் காக்க வேண்டும்.

வழி எளியது. ஸ்கேனர் இருப்பின், அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் படி எடுக்கலாம். இல்லையேல் கைப்பேசியே போதும். நேர்வெயில் படாத நல்ல வெளிச்சத்தில், தாளைச் சமமாக விரித்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, நான்கு ஓரமும் தெரியப் படம் எடுக்க வேண்டும். பின்பக்கத்தையும் உறையையும் விடலாகாது. அஞ்சல் முத்திரையே சில கடிதங்களுக்குத் தேதி சொல்லும். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டுதலும், பிளாஸ்டிக் உறைக்குள் சூடேற்றி அடைத்தலும் கூடா. ஓலைச்சுவடியாயின், அதனைக் கையாளப் பயின்றவரிடமே ஒப்படைத்தல் நன்று.

படத்தினும் முக்கியமானது குறிப்பு. யார், யாருக்கு, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் எழுதியது என்பதை ஒவ்வொரு படத்தோடும் எழுதி வைத்தல் வேண்டும். புகைப்படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய மூத்தவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். குறிப்பில்லாத படம் முகவரியில்லாத கடிதத்தை ஒக்கும். படிகள் மூன்று இருத்தல் நலம்: ஒன்று வீட்டில், ஒன்று வேற்றூர் உறவினரிடம், ஒன்று நூலகத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ. கணிப்பொறித் தட்டும் ஒருநாள் பழுதாகும். ஆதலால் மூலத்தாளை எறிந்துவிடலாகாது.

வெளியிடும்போது சிறிது எச்சரிக்கையும் வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளிவந்த நூலுக்கு அவர் மறைந்த மறு ஆண்டு முதல் 60 ஆண்டுக்காலம் பதிப்புரிமை உண்டு. கடிதங்களில் பிறருடைய துயரமும் கடனும் இருக்கும். காப்பது வேறு, ஊரறியப் பரப்புவது வேறு. உரியவரைக் கேட்டே பரப்ப வேண்டும்.

வீட்டில் பெட்டி இல்லாதவர்க்கும் பணி உண்டு. 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணா, றா போன்ற எழுத்துக்கள் வேறு வடிவில் இருந்தன. அவற்றைக் காணும் இளைஞர் தயங்குவது போலவே இயந்திரமும் தயங்கித் தவறாகப் படிக்கிறது. அத்தவறுகளைத் திருத்த மனிதக் கண் வேண்டும். ‘விக்கிமூலம்’ என்னும் இணையத் தொகுப்பில் தன்னார்வலர் இப்பணியைச் செய்து வருகின்றனர். பழைய எழுத்தைப் படித்து வளர்ந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நாக்பூரில் அமர்ந்துகொண்டே நாளொன்றுக்கு ஒரு பக்கம் திருத்தித் தரலாம். பக்கத்தில் பேரனோ பேத்தியோ அமர்ந்தால், பக்கமும் திருந்தும். பிள்ளைக்கு எழுத்தும் வரும்.

மாதுங்காப் பெட்டியில் எஞ்சியவை இப்பொழுது மூன்று படிகளாக மூன்று ஊர்களில் உள்ளன. படங்களுக்குக் குறிப்பு எழுத வேண்டியிருந்ததால், அப்பேரன் தமிழ் எழுத்தைக் கற்கத் தொடங்கியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை நேயர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பரணை ஒருமுறை நோக்குவீர்களாக. அங்கே பெட்டி ஏதும் இருந்தால், எடைக்காரரை அழைப்பதற்கு முன் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த மூத்தவரை அழையுங்கள்.