டி.என்.ஏ வேற, ஜீன் வேற: அக்காவோட ரிப்போர்ட்டும் பத்தாவது பயாலஜியும்

இன்னைக்கு நாம பேசப்போறது பத்தாவது பயாலஜி. ஸ்கிப் பண்ணிடாதீங்க. நானும் அந்தப் பாடத்தை மனப்பாடம் பண்ணி, மார்க் வாங்கி, மறந்துட்டு இன்ஜினியரிங் போனவன்தான். திரும்ப அதைத் தேடி வந்ததுக்குக் காரணம் எங்க அக்கா.

சில வருஷம் முன்னாடி அக்கா மூணு மாசம் கர்ப்பம். ரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் கம்மியா இருந்ததால இன்னொரு டெஸ்ட் எடுத்தாங்க. ரிப்போர்ட்ல 'பீட்டா தலசீமியா டிரெய்ட்'னு வந்தது. "இது ஜீன் சம்பந்தப்பட்டது, வீட்டுக்காரரும் டெஸ்ட் எடுக்கணும்"னு டாக்டர் சொல்லி அனுப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது: "ஏண்டா, இவ டி.என்.ஏவே கெட்டுப்போச்சா?"

எனக்குப் பதில் தெரியல. டி.என்.ஏ என்றால் என்ன, ஜீன் என்றால் என்ன, ரெண்டுமே ரெண்டு மார்க் கேள்வியா எழுதியிருக்கேன். ரெண்டுக்கும் என்ன உறவுன்னு யோசிச்சதே இல்ல.

நம்ம தமிழும் இதுல கொஞ்சம் குழப்பும். ஜீனைத்தான் மரபணுன்னு படிச்சோம். ஆனா பேப்பர்ல டி.என்.ஏ டெஸ்ட்டையும் 'மரபணு பரிசோதனை'ன்னே போடுறாங்க.

உண்மையில ரெண்டு வார்த்தையும் தனித்தனியா பிறந்தது. டி.என்.ஏ ஒரு பொருள், ஒரு ரசாயனம். 1869ல ஃபிரெட்ரிக் மீஷர், காயத்துக்குக் கட்டின துணியில இருந்த சீழ்ல இருந்து அதைப் பிரிச்சு எடுத்தார். அது எதுக்கு இருக்குன்னு அவருக்குத் தெரியாது. ஜீன் அப்படி இல்ல. பெற்றோர்கிட்ட இருந்து பிள்ளைக்கு ஏதோ ஒண்ணு அலகு அலகா போகுது இல்லையா, அந்த அலகுக்கு 1909ல வில்ஹெல்ம் யோஹான்சன் வெச்ச பேரு. அது எதனால ஆனதுன்னு அவருக்கும் தெரியாது. டி.என்.ஏதான் அந்தப் பொருள்னு ஆஸ்வால்ட் ஏவரி குழு ஆதாரம் காட்டினது 1944ல.

இப்ப அக்கா விஷயத்துக்கு வருவோம். அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு நமக்கு ரெண்டு செட் டி.என்.ஏ. ஒரு செட்ல சுமார் 300 கோடி எழுத்து. ஏ, டி, ஜி, சி, இந்த நாலுதான் மாறி மாறி வரும். அதுல 11வது குரோமோசோம் மட்டும் 13 கோடி எழுத்துக்கு மேல நீளமான ஒரே டி.என்.ஏ. அந்த நீளத்துல சுமார் 1,600 எழுத்து உள்ள ஒரு துண்டுதான் பீட்டா குளோபின் ஜீன். ஹீமோகுளோபினோட ஒரு பாகத்தை எப்படிச் செய்யணும்ங்கிற குறிப்பு அங்க இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, முழு கோட்பேஸ் டி.என்.ஏ, அதுல ஒரு ஃபங்ஷன் ஜீன்.

பீட்டா தலசீமியாவுல பெரும்பாலும் இந்த இடத்துல ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கும். இந்தியாவுல அதிகமா பார்க்கிறது, ஒரு ஜி இருக்க வேண்டிய இடத்துல சி. அம்மாகிட்ட இப்படித்தான் சொன்னேன்: "டி.என்.ஏ எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு ஜீன்ல சின்னப் பிழை. அதுவும் ரெண்டு காப்பியில ஒண்ணுலதான். இன்னொரு காப்பி வேலை செய்யுது, அதான் அவ ஓடியாடிக்கிட்டு இருக்கா."

ஆனா கோட்பேஸ் உதாரணத்தை ரொம்ப நம்பிடாதீங்க. நான் முதல்ல, ஜீன் மட்டும்தான் முக்கியம், மத்த டி.என்.ஏ எல்லாம் யாரும் டெலீட் பண்ணாம விட்ட பழைய கோட்னு நெனச்சேன். புரதத்துக்கான எழுத்துகள் மொத்தத்துல 2 சதவீதம்கூட இல்லையே! ஆனா இந்த ஜீனை ஆன் பண்ற ஸ்விட்ச், ஜீனை விட்டு ஏறக்குறைய 50,000 எழுத்து தள்ளி இருக்கு. சிலருக்கு ஜீன் அப்படியே பிழையில்லாம இருக்கும், அந்த ஸ்விட்ச் பகுதி மட்டும் காணாமப் போயிருக்கும். அவங்களுக்கும் தலசீமியா வருது. ஜீன் சரி, டி.என்.ஏ-ல பிழை. இப்படியும் நடக்கும்.

எங்க வீட்டுல பயம் வேற. மாமாவுக்கும் ஒரு காப்பி பிழையா இருந்தா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்கு ரெண்டு காப்பியுமே பிழையா வர வாய்ப்பு நாலுல ஒண்ணு. அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் வாழ்க்கை முழுக்க ரத்தம் ஏத்தணும். மாமா ரிப்போர்ட் வர நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் அக்கா யார்கிட்டயும் சரியா பேசல.

மாமாவுக்கு நார்மல்.

பாப்பா இப்ப ப்ரீ-கேஜி போறா. அக்காவோட அந்தக் காப்பி அவளுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. இன்னும் டெஸ்ட் எடுக்கல. கேட்டா அக்கா, "பெரியவளானதும் அவளே எடுத்துப் பாக்கட்டும், நீதான் இருக்கியே விளக்கிச் சொல்ல"ங்கிறா.